பத்து யார்

காலை நாலே காலுக்கு
கொம்பனித்தெருவில் ஷிஃப்ட் முடிந்து இறங்குகிறோம்.
முயீஸ் நானாவின் கடையில்
கொத்துத் தகடு ஆறிக்கொண்டிருக்கிறது.
ஐந்து பிளேன்டீ, இஞ்சி போட்டு,
ஒன்றுக்குச் சீனி வேண்டாம்.
“இந்த முறை பத்து வெல்லுவாங்கள்” என்கிறான் துஷாகரன்,
கதிரையை இழுக்க முன்னமே.

நாரைகளைப் பற்றித்தான் கதை.
எங்களில் ஒருவரும் கால் வைக்காத ஊரின் அணி.
பந்து கூட உருண்டை இல்லை.
ஆனால் அந்த ஊர்க் கூரைகளை எங்களுக்குத் தெரியும்.
ஆலங்கட்டி விழுந்து உடைந்த ஓடுகளுக்கு
நட்டஈட்டுப் படிவம் நிரப்புவது நாங்கள்.
எந்தத் தெருவில் எவருடைய கராஜ்
எந்த மார்ச்சில் ஒழுகியது என்று
திலகேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

எனக்கு இது தொற்றியது
ஒரு ஞாயிறு இரவு.
கூரைக்காக என்னைத் திட்டிக்கொண்டிருந்தவர்
சட்டென்று “பொறு” என்றார்.
தொலைபேசியைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.
நாற்பது நிமிடம்
ஒரு முழு மைதானம் என் காதுக்குள் இரைந்தது.
திரும்பி வந்தபோது அழுதுகொண்டிருந்தார்.
கூரைக்காக இல்லை.

நாலு தடவைக்குள் பத்து யார் முன்னேற வேண்டும்,
அவ்வளவுதான் விளையாட்டு என்று
முதன்முதல் விளக்கியபோது
ஷிஃபானி சிரித்த சிரிப்பு!
“பத்து யாருக்கா இத்தனை பேர் விழுந்து எழும்புறாங்க?
மெயின் ஸ்ட்ரீட்டில எங்கட கடைக்கு வரச் சொல்லு,
ஒரு நிமிசத்தில கிழிச்சுத் தாறேன்.”
இப்போது அவள்தான்
பதினேழு ஆட்டத்துக்கும் அட்டவணை கீறி வைத்திருக்கிறாள்.

எறிகாரனின் முழங்கால் ஆறிவிட்டதாம்.
“முழங்கால் ஆறியிருக்கும், பயம் ஆறியிருக்காது.”
இடப்பக்கக் காவல்காரனைக் கொடுத்துவிட்டார்கள்;
அவன் முதுகு இனிப்
பூட்டாத பின்கதவு.
புதுப் பயிற்சியாளருக்கு முப்பத்துநாலு வயது,
முந்நூறு பக்கத்தில் திட்டம்.
“எங்கட மனேஜரும் அப்படித்தான் வந்தவர்”
என்கிறாள் திலகேஸ்வரி.
தேநீர் துஷாகரனின் மூக்கால் வருகிறது.

துவான் ஃபஹ்மி பாடசாலையில் றகர் ஆடியவன்.
தலைக்கவசம் போட்டு ஆடுவதெல்லாம் ஆட்டமா என்பான்.
ஆனால் முழங்கால் என்றதும் குரல் இறங்கிவிடும்.
“முதல் வருசம் அது உன்னை நம்பாது.
படியிறங்கும்போது கூட நம்பாது.
ஆறு. ஆறுக்கு மேல வெல்லமாட்டாங்க.”
கொத்து பில்லின் பின்பக்கத்தில் எழுதுகிறோம்:
துஷாகரன் பத்து, ஷிஃபானி ஒன்பது,
திலகேஸ்வரி ஏழு, ஃபஹ்மி ஆறு.
தோற்பவர் தை மாதம் முழுக்கத் தேநீர்க் காசு.

தை மாதம் என்றதும்
மேசை கொஞ்சம் அமைதியானது.
ஒப்பந்தம் கார்த்திகையோடு முடிகிறது.
போன கிழமை வந்த மடலில்
‘மீள்பரிசீலனை’ என்று ஒரு சொல்.
பதினோராம் ஆட்டத்தோடு அந்த ஊரின் கூரைகள்
வேறு யாருக்கோ போய்விடலாம்,
மணிலாவுக்கோ, ஒரு மெஷினுக்கோ.
அதற்குப் பிறகு மழை பெய்தால்
எங்களுக்குச் சொல்ல ஆளில்லை.

“நீ என்ன போடுற?” என்று என்னைக் கேட்டார்கள்.
எட்டு என்றேன்.
அழுத மனிதர் ஒரு வருடத்துக்குத் தாங்கக்கூடிய எண்
அதுவாக இருக்கும் என்று பட்டது.

மேசையைத் துடைக்க வந்த முயீஸ் நானா
பில்லை எடுத்துப் பார்த்தார்.
“நாரையெண்டா, இந்தா பேர வாவியில நிக்கிதே, அதா?”
அதேதான் நானா.
“அது ஒத்தைக் காலில நிண்ட இடத்தில நிண்டுதானே
மீனைப் பிடிக்குது.
உங்கட ஆக்கள் என்னத்துக்கு ஓடுறாங்க?”

ஒருவரிடமும் பதில் இல்லை.
ஸ்டேஷன் பக்கம் முதல் ரயில் ஊதியது.
ஃபஹ்மி பேனையை வாங்கி
ஆறை வெட்டினான்,
கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு
ஏழு என்று எழுதினான்.